வாசல் மூடியது, வீடு இருக்கிறது
(யூஸ்நெட் செய்திக்குழுக்களை முன்வைத்துச் சில குறிப்புகள்)

2024 பிப்ரவரி 22ஆம் தேதியோடு கூகுள் நிறுவனம் யூஸ்நெட் செய்திக்குழுக்களுடனான தன் தொடர்பை அறுத்துக்கொண்டது. அன்று முதல் கூகுள் குரூப்ஸ் வழியாக இந்தக் குழுக்களில் எழுத முடியாது. புதிதாக வருவதைப் படிக்கவும் முடியாது. பழசைத் தேடிப் பார்க்கலாம், அவ்வளவுதான். 2023 டிசம்பரிலேயே இதை அறிவித்துவிட்டார்கள். உரையாடல் தேய்ந்துவிட்டது, மக்கள் சமூக ஊடகங்களுக்குப் போய்விட்டார்கள், மிச்சமிருப்பது கோப்புப் பரிமாற்றமும் விளம்பரக் குப்பையும்தான் என்பது அவர்கள் சொன்ன காரணம். நம்முடைய எழுத்தாள நண்பர்கள் சிலரிடம் இதைச் சொன்னேன். ‘அது செத்து எத்தன வருஷம் ஆச்சு, இப்பப் போயி எழவு கேக்குறியே’ என்றார்கள்.

அது சாகவில்லை. நான் முகையூரில் உட்கார்ந்துகொண்டு, பைசா செலவில்லாமல், இன்றைக்கும் அதைப் படிக்கிறேன், எழுதவும் செய்யலாம். அதற்கான வழி என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. ஒரு நிறுவனம் தன் கதவைச் சாத்தியதும் வீடே இடிந்துபோனதாக நாம் ஏன் நம்பிவிடுகிறோம்? எழுத்தையும் இயக்கத்தையும் முழுக்க முழுக்க நிறுவனங்களின் தளங்களில் நடத்திக்கொண்டிருக்கும் நாம் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது.

1. உடைமையாளர் இல்லாத ஓர் அமைப்பு

யூஸ்நெட் இணையத்தின் குழந்தை அல்ல. இன்று நாம் இணையம் என்று அழைப்பது பொதுமக்களுக்குக் கிடைப்பதற்கு வெகு முன்பே, 1979இல், அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் இதை யோசித்தார்கள். 1980இல் ட்யூக்குக்கும் பக்கத்திலிருந்த வட கரோலினாப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே அது ஓடத் தொடங்கியது. பெரிய ஆய்வு நிறுவனங்களை இணைத்த அர்ப்பாநெட்டில் இடம் கிடைக்காதவர்களுக்கான ஏழைகளின் வலைப்பின்னல் என்றே அதைச் சொல்லிக்கொண்டார்கள். ஒரு கணிப்பொறி இன்னொன்றைச் சாதாரணத் தொலைபேசியில் கூப்பிடும். தன்னிடம் புதிதாக வந்ததைக் கொடுக்கும், அதனிடம் இருப்பதை வாங்கிக்கொள்ளும், இணைப்பைத் துண்டித்துவிடும். அது அடுத்ததைக் கூப்பிடும்.

இது நடக்கிற விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். திண்டிவனத்தில் ஒரு நண்பருக்குச் சிறுபத்திரிகை ஒன்று வருகிறது. அவர் படித்துவிட்டு ஒரு நகல் எடுத்து விழுப்புரத்து நண்பருக்கு அனுப்புகிறார். அவர் ஒரு நகலை வைத்துக்கொண்டு இன்னொன்றைத் திருக்கோவிலூருக்கு அனுப்புகிறார். ஏற்கெனவே வந்த இதழே மறுபடி வந்தால், ‘எங்கிட்ட இருக்கு’ என்று திருப்பிவிடுகிறார். செய்திக்குழுவும் இதேதான். ஒவ்வொரு கட்டுரைக்கும் உலகத்தில் வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாள எண் உண்டு. சர்வர் என்று சொல்லப்படும் ஒவ்வொரு சேமிப்புக் கணிப்பொறியும் அந்த எண்ணைப் பார்த்து, இல்லாததை வாங்கிக்கொள்ளும், இருப்பதை மறுத்துவிடும். எந்தெந்த சர்வர் வழியாக வந்தது என்ற பாதையும் கட்டுரையின் தலைப்பகுதியில் எழுதப்பட்டிருக்கும். 1986இல் இதற்கென்று என்என்டிபி என்னும் விதிமுறை வந்தபின் இந்தப் போக்குவரத்து இணையக் கம்பிகளுக்கு மாறியது. அடிப்படை மாறவில்லை.

இதன் பொருள் என்ன? தலைமை அலுவலகம் கிடையாது. முதலாளி கிடையாது. ஒரு கட்டுரையை அழிக்க வேண்டுமென்றால் அதைக் கேட்க ஒரே ஓர் ஆள் இல்லை. ஆயிரம் சர்வர்களில் ஆயிரம் நகல்கள் இருக்கின்றன. எந்தெந்தக் குழுக்களை வைத்துக்கொள்வது, எத்தனை நாள் வைத்துக்கொள்வது என்பதை ஒவ்வொரு சர்வரும் தனித்தனியாக முடிவுசெய்யும். 1987இல் குழுக்களை அறிவியல், பொழுதுபோக்கு, சமூகம் எனத் துறைவாரியாகப் பிரித்துப் பெயர்களை மாற்றியமைத்தார்கள். புதுக்குழு வேண்டுமென்றால் விவாதம் நடத்தி ஓட்டெடுப்பு வைத்தார்கள். இந்த நடைமுறை பிடிக்காதவர்கள் ‘ஆல்ட்’ என்று தனிக்கிளை ஒன்றைத் தொடங்கிக்கொண்டார்கள். மையத்துக்கும் விளிம்புக்குமான இழுபறி இங்கேயும் இருந்தது. ஆனால் விளிம்பை அடித்துத் துரத்துகிற அதிகாரம் மையத்திடம் இல்லை.

2. பொது என்றால் யாருக்குப் பொது?

இந்த இடத்தில் கனவில் மிதக்கத் தேவையில்லை. தமிழருக்கென்றிருந்த முதன்மையான செய்திக்குழுவின் பெயர் சாக்.கல்ச்சர்.தமிழ். 1990களில் அங்கே நடந்த விவாதங்களைப் பின்னாளில் படித்துப் பார்த்திருக்கிறேன். ஈழப் போர், இந்தியத் தலையீடு, ஆரிய திராவிடச் சண்டை, இட ஒதுக்கீடு, சங்க இலக்கியம், சினிமாப்பாட்டு என்று எல்லாம் இருக்கிறது. எழுதியவர்கள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய, ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் இருந்தவர்கள், கணிப்பொறித் துறையினர், புலம்பெயர்ந்த ஈழத்தமிழர். பேச்சு ஆங்கிலத்தில், அல்லது ரோமன் எழுத்தில் எழுதப்பட்ட தமிழில். இந்தியாவில் அப்போது நிலைமை என்ன? 1986இல் தொடங்கிய எர்நெட் வலைப்பின்னல் சென்னை ஐஐடி போன்ற ஒருசில உயர்கல்வி நிறுவனங்களோடு நின்றிருந்தது. விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15இல்தான்; அதுவும் சென்னை போன்ற பெருநகரங்களில். கம்ப்யூட்டர், மோடம், தொலைபேசி, ஆங்கிலம் என்று நான்கு கதவுகளைத் தாண்டித்தான் அந்த ‘திறந்த’ வெளிக்குள் போக முடியும். சேரியிலிருந்து ஒருவர் அந்த நான்கையும் தாண்டி உள்ளே போய் இட ஒதுக்கீடு பற்றி வாதாடியிருக்க முடியுமா?

1927 மார்ச் 20இல் அம்பேத்கர் மகாடில் சவுதார் குளத்துக்குப் போனபோது அந்தக் குளம் சட்டப்படி பொதுவானதாகத்தான் இருந்தது. நகராட்சி தீர்மானமே போட்டிருந்தது. தண்ணீர்தான் பொதுவாக இல்லை. உடைமையாளர் இல்லை என்பதாலேயே ஓர் இடம் எல்லோருக்குமானதாக ஆகிவிடாது என்பதை எங்கள் பக்கத்து ஊர்களின் கிணறும் ஏரியும் குளமும் நமக்குச் சொல்லிக்கொடுத்தவைதான். ஆகவே ‘அந்தக் காலத்து இணையம் எவ்வளவு சுதந்திரமா இருந்துச்சு’ என்று பெருமூச்சு விடுகிறவர்களோடு நான் சேரவில்லை. அங்கே கூடியிருந்தவர்கள் யார் என்பதையும் அந்த அமைப்பு எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்பதையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம். கூட்டம் மேட்டுக்குடியினுடையது. கட்டமைப்பு அப்படி இருந்தாக வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை. கிராமத்துப் பையன் கையில் போன் வந்துவிட்ட இன்றைக்கு, நமக்குக் கூட்டம் கிடைத்திருக்கிறது, கட்டமைப்பு பறிபோயிருக்கிறது. மொத்தச் சிக்கலும் இதில்தான் இருக்கிறது.

3. தேய்ந்த கதை

தேய்வுக்குப் பல காரணங்கள். 1993 செப்டம்பரை ஒட்டி ஏஓஎல் போன்ற வணிக நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களை லட்சக்கணக்கில் யூஸ்நெட்டுக்குள் இறக்கிவிடத் தொடங்கின. அதுவரை ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் புது மாணவர்கள் வருவார்கள், ஒருமாதம் தடுமாறிப் பழகிக்கொள்வார்கள். இனி வருஷம் பூரா செப்டம்பர்தான் என்று பழையவர்கள் சலித்துக்கொண்டார்கள். இந்தச் சலிப்பில் புதிதாக வருகிறவர் மீதான மேட்டிமையும் கலந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1994 ஏப்ரலில் கேன்டர், சீகல் என்ற இரண்டு வழக்கறிஞர்கள் அமெரிக்க பச்சை அட்டைக் குலுக்கலுக்கான விளம்பரத்தை 5,000க்கும் மேற்பட்ட குழுக்களில் ஒரே வீச்சில் கொட்டினார்கள். வணிகக் குப்பையின் காலம் அதோடு ஆரம்பமானது. அதே ஆண்டின் தொடக்கத்தில் இன்னொன்றும் நடந்தது. செர்தார் ஆர்ஜிச் என்ற பெயரில், துருக்கி பற்றிப் பேச்சு வருகிற இடத்திலெல்லாம் ஆர்மீனிய இனப்படுகொலையை மறுத்து நீளநீளமான பதிவுகள் வந்து விழுந்தன. அதை ஓட்டியது ஒரு நிரல் என்றே எல்லோரும் கருதினார்கள். வான்கோழிக்கும் ஆங்கிலத்தில் அதே சொல் என்பதால், சமையல் பேச்சிலும் இனப்படுகொலை மறுப்பு வந்து நின்றது. இன்றைய கட்சிகளின் ஐடி விங்குகளுக்கு இது மூத்த தலைமுறை.

மூன்றாவது, கோப்புகள். படங்களையும் சினிமாவையும் மென்பொருளையும் எழுத்தாக மாற்றித் துண்டு துண்டாக அனுப்பும் வழக்கம் பெருகியது. எழுத்துக்கான சர்வர் சின்னது. கோப்புகளுக்கான சர்வர் பிரம்மாண்டமானது. செலவு ஏறியது. 2005இல் ஏஓஎல் விலகிக்கொண்டது. 2008இல் நியூயார்க் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் ஆண்ட்ரூ குவோமோ குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைப் படங்களை முன்வைத்து இணைய நிறுவனங்களை நெருக்கினார். அவரது அலுவலகம் அப்படங்களைக் கண்டது 88 குழுக்களில். நிறுவனங்கள் என்ன செய்தன? வெரைசனும் ஸ்பிரின்ட்டும் ‘ஆல்ட்’ கிளை முழுவதையும் வெட்டின. டைம் வார்னர் கேபிள் செய்திக்குழுக்களையே மொத்தமாகக் கைவிட்டது. குற்றம் நடந்த 88 வீடுகளைக் காட்டித் தெருவையே காலிசெய்த கதை. செலவைக் குறைக்க ஒரு நல்ல காரணம் வேண்டியிருந்தது, கிடைத்தது என்றுதான் எனக்குப் படுகிறது. 2010 மே மாதத்தில், எல்லாம் தொடங்கிய ட்யூக் பல்கலைக்கழகமே தன் செய்திச் சர்வரை நிறுத்தியது.

4. நகல்கள் ஒரே கையில் சேர்ந்தபோது

இதற்கிடையில் இன்னொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. 1995இல் டெஜாநியூஸ் என்னும் நிறுவனம் செய்திக்குழுக்களைச் சேமித்துத் தேடித்தரத் தொடங்கியது. சில வாரங்களில் அழிந்துவிடும் என்று நம்பிச் சொந்தப் பெயரில் எழுதியவர்களின் பேச்சு நிரந்தர ஆவணமாயிற்று. 2001 பிப்ரவரியில் கூகுள் அதை வாங்கியது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளின் பதிவுகளை டொரொன்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் பணியாற்றிய ஹென்றி ஸ்பென்சர் 141 காந்த நாடாக்களில் சேமித்து வைத்திருந்தார். அதுவும் கூகுளிடம் போய்ச் சேர்ந்தது. 2001 டிசம்பரில் 1981 முதலான 70 கோடி பதிவுகள் தங்களிடம் இருப்பதாக அறிவித்தார்கள்.

என்னைப் போன்றவர்களுக்குச் செய்திக்குழுக்கள் அறிமுகமானதே இந்தக் கூகுள் வாசல் வழியாகத்தான். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எதையோ தேடப் போய் அந்தப் பழைய சண்டைகள் கண்ணில் பட்டன. தனி மென்பொருள் வேண்டாம், சர்வர் பெயர் தெரிய வேண்டாம். வசதியாகத்தான் இருந்தது. ஆனால் கூகுள் தன் சொந்தக் குழுக்களையும் யூஸ்நெட் குழுக்களையும் ஒரே பக்கத்தில், ஒரே முகத்தோடு காட்டியது. யாருக்கும் சொந்தமில்லாத ஒன்று கூகுளின் சரக்காகத் தோற்றம் கொண்டது. மேய்க்கால் புறம்போக்கைச் சுற்றி வேலிபோட வேண்டியதில்லை. வழியில் ஒரு கேட் வைத்து, ‘எங்கள் தோட்டத்துக்கு நல்வரவு’ என்று பலகை மாட்டினால் போதும். இருபது வருஷத்தில் ஊரே அதைத் தோட்டம் என்று சொல்ல ஆரம்பித்துவிடும்.

முரண் என்னவென்றால், குழுக்களுக்குள் கொட்டப்பட்ட விளம்பரக் குப்பையில் பெரும்பகுதி கூகுள் குரூப்ஸ் வழியாகவே வந்துகொண்டிருந்தது. சர்வர் நடத்துகிற பலர் அதைத் தடுக்கத் தொடங்கியிருந்தார்கள். 2024 பிப்ரவரியில் அந்தக் கேட் சாத்தப்பட்டதும் குப்பை அடங்கியது. வாசல் மூடியதில் வீடு சுத்தமாயிற்று.

5. மாற்று வழிகள்

இனி நடைமுறை. நண்பர்கள் கேட்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் ஒரு வாசிப்பு மென்பொருள். மின்னஞ்சலுக்குப் பலரும் பயன்படுத்தும் தண்டர்பேர்ட் போதும். இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். அதில் மின்னஞ்சல் கணக்கு சேர்ப்பதுபோலவே செய்திக்குழுக் கணக்கையும் சேர்க்கலாம். லினக்ஸ் பழகியவர்களுக்கு பான், எஸ்எல்ஆர்என் போன்றவையும் உண்டு.

இரண்டாவது ஒரு சர்வர். எடர்னல் செப்டம்பர் என்ற பெயரில் ஜெர்மனியிலிருந்து ஒன்று நடக்கிறது. மேலே சொன்ன முடிவில்லாத செப்டம்பர்தான் பெயர்க்காரணம். பதிவு செய்துகொண்டால் எழுத்துக் குழுக்கள் அனைத்தையும் காசில்லாமல் தருகிறது. படக் கோப்புகள் கிடையாது. பெர்லினிலிருந்து இயங்கும் இன்டிவிஜுவல்.நெட் சிறு ஆண்டுக் கட்டணம் வாங்குகிறது. பெரும் கட்டணம் கேட்டு விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் கோப்பு இறக்குகிறவர்களுக்கானவை, நமக்குத் தேவையில்லை. சர்வரின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் தண்டர்பேர்டில் கொடுத்தால் குழுக்களின் பட்டியல் இறங்கும். ரோமன் எழுத்தில் தேடி வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். எழுத்து மட்டும் என்பதால் மிகக் குறைந்த இணைப்பிலும் வேலை நடக்கும். இறக்கி வைத்துக்கொண்டு இணைப்பே இல்லாமல் படிக்கலாம்.

மூன்றாவது பழைய பதிவுகள். இன்றைய சர்வர்களில் சில ஆண்டுகளுக்கு முந்தையவை இருக்காது. அவற்றைக் கூகுள் குரூப்ஸில் இன்னும் தேடலாம். எவ்வளவு காலம் என்பது அவர்கள் விருப்பம். அதைவிட உறுதியானது இன்டர்நெட் ஆர்க்கைவில் உள்ள யூஸ்நெட் வரலாற்றுத் தொகுப்பு. ஒவ்வொரு குழுவின் பதிவுகளும் எம்பாக்ஸ் என்னும் ஒரே நீளமான கோப்பாக அங்கே இருக்கின்றன. இறக்கிக்கொண்டால் சாதாரண எழுத்துப் பதிப்பியிலேயே திறக்கும்.

இதைச் செய்துவிட்டு சாக்.கல்ச்சர்.தமிழுக்குள் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பேச்சு கிட்டத்தட்ட நின்றுபோயிருக்கிறது. நிரல் எழுதுவோரின் குழுக்கள், சில ஐரோப்பிய மொழிக்குழுக்கள் இவற்றில்தான் உயிர் இருக்கிறது. தமிழர் ஏன் வெளியேறினார்கள் என்பதற்கு ஒரு தனிக்காரணம் உண்டு.

6. எழுத்துரு என்னும் இரண்டாவது பூட்டு

ரோமன் எழுத்தில் தமிழைப் படிப்பது சித்திரவதை. 1990களில் கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை, முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் போன்றவை வந்து தமிழ் எழுத்திலேயே அஞ்சல் அனுப்ப வழி பிறந்ததும், தமிழர்கள் தமிழ்.நெட் போன்ற மின்னஞ்சல் குழுக்களுக்குப் போனார்கள். பிறகு யாஹூ குழுக்களுக்கு. ராயர் காப்பி கிளப், மரத்தடி, அகத்தியர் என்று இலக்கிய விவாதங்கள் அங்கே நடந்தன. நியாயமான இடப்பெயர்ச்சிதான். ஆனால் அந்த இடம் யாஹூவின் பட்டா நிலம். 2019 அக்டோபரில் அறிவிப்பு வந்தது, 2020 டிசம்பர் 15இல் யாஹூ குழுக்கள் மொத்தமாக மூடப்பட்டன. யாராவது முன்கூட்டியே நகலெடுத்திருந்தால் உண்டு, இல்லையென்றால் போனது போனதுதான். ஆயிரம் நகல் இருந்த செய்திக்குழுப் பேச்சு மிஞ்சியிருக்கிறது. அதற்குப் பின்னால் வந்ததில் எவ்வளவோ அழிந்திருக்கிறது. எது பழசு, எது நவீனம்?

மிஞ்சியதிலும் பூட்டு இருக்கிறது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துரு முறையில் எழுதினார்கள். டிஸ்கியில் எழுதியதை இன்று திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். தமிழக அரசு 1999இல் டேப், டேம் என்ற முறைகளை ஏற்று, 2010இல் யூனிகோடுக்கு வந்து சேர்ந்தது. நல்லவேளையாக, சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி, என்எச்எம் மாற்றி போன்ற கருவிகளால் பழசை யூனிகோடாக மாற்றிவிடலாம். கோப்பு கையில் இருந்தால்தான் இதுவும்.

கையில் வைத்துக்கொள்வதன் அருமைக்கு மதுரைத் திட்டம் சான்று. 1998 பொங்கலன்று தொடங்கிய அந்தக் கூட்டுமுயற்சி, இலக்கியங்களைத் தட்டச்சு செய்து யார் வேண்டுமானாலும் இறக்கிப் பரப்பலாம் என்று விட்டது. எழுத்துரு முறைகள் மாறின, தளங்கள் மாறின, நூல்கள் நிற்கின்றன. 1981இல் யாழ் நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் ஒரே இரவில் போயின. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்துக்குப் பின்னால் அந்தத் தீயின் நினைவு இருக்கிறது. ஒரே இடத்தில் இருப்பது ஒரே இரவில் போகும்.

7. நமக்கு இதில் என்ன?

கலவரம் நடந்த கிராமத்துக்குப் போய் உண்மையறியும் குழுக்கள் எழுதிய அறிக்கைகளை முன்பெல்லாம் சைக்ளோஸ்டைல் செய்து அனுப்புவோம். பத்துப் பேர் வீட்டுப் பரணிலாவது அது கிடக்கும். இன்று அந்த அறிக்கை முகநூல் பதிவாக, வாட்ஸ்அப் பிடிஎஃப்பாக இருக்கிறது. நாலு பேர் புகார் கொடுத்தால் கணக்கு முடக்கப்படும். போன் தொலைந்தால் குழுவே தொலையும். 2018 மே 22இல் தூத்துக்குடியில் துப்பாக்கிச்சூடு நடந்து 13 பேர் கொல்லப்பட்ட பிறகு தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையத்தையே சில நாட்கள் நிறுத்தினார்கள். சாட்சியம் எழுதப்பட வேண்டிய நாட்கள் அவை. வாங்கி, வைத்து, வழி கிடைத்தபோது அனுப்புகிற அமைப்பு ஒன்று நம்மிடம் இருந்தால், பென்டிரைவில் போட்டுப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினாலும் அது அடுத்த சர்வருக்குப் போய்ச் சேரும். தொலைபேசியில் ஓடிய யூஸ்நெட்டின் அடிப்படை இதுதான்.

எல்லோரும் செய்திக்குழுவுக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. முகநூலை விட்டு வெளியேறச் சொல்லவும் இல்லை. சனங்கள் இருக்கிற இடத்தில்தான் பேச முடியும். அங்கே பேசுவதன் நகல் ஒன்று, சாதாரண எழுத்துக் கோப்பாக, யூனிகோடில், குறைந்தது மூன்று ஊர்களில் மூன்று பேரிடம் இருக்க வேண்டும் என்கிறேன். பழைய செய்திக்குழுத் தொகுப்புகளிலிருந்தும் யாஹூ காலத்து அஞ்சல்களிலிருந்தும் கிடைப்பதை நம்மில் நாலு பேர் எடுத்து, மாற்றி, வைக்கலாம். அதில் எழுதியவர்கள் பலர் தனிமனிதர்கள். அழியும் என்று நம்பிப் பேசியவர்கள். ஆய்வுக்கு வைத்துக்கொள்வது வேறு, பெயரோடு எடுத்துப் போட்டு அசிங்கப்படுத்துவது வேறு. இந்த வித்தியாசத்தைப் பேசி முடிவுசெய்துகொண்டுதான் இறங்க வேண்டும். அந்த நகல்களைக் காக்கிறவர்களில் சேரியிலிருந்து ஒருவர், பெண் ஒருவர் இல்லையென்றால் சவுதார் குளத்தைத்தான் மறுபடி வெட்டுவோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருக்கிற நண்பர்கள் யாராவது பழைய பெட்டிகளில், பிளாப்பிகளில், சிடிகளில் இப்படி எதையாவது வைத்திருந்தால் முதலில் ஒரு நகல் எடுத்து விடுங்கள். பிளாப்பி பூஞ்சை பிடிக்கிற பொருள். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.